வாசகர் கேள்வி – பதில்: கார் வராத பாதையில் பிரான்ஸ்

பாரிசில் உறவுகள் இருப்பவர்கள் கோடைக்குத் திட்டம் போடத் தொடங்கிவிட்டார்கள் போலும். திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் பாதி, பிரான்ஸ் நாட்டுப்புறத்தில் சைக்கிள் பயணம் பற்றியவை. அவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஜூன் மாதம் பாரிசில் இருக்கும் தங்கையிடம் போகிறேன். ஒரு கிழமை சைக்கிளில் சுற்ற ஆசை, ஆனால் கார், லொறி என்றாலே பயம். ‘லுவார் அ வேலோ’ பாதையில் வாகனமே வராதாமே, உண்மையா?
– வாசகி, உப்புவெளி

பதில்: முழுக்க உண்மையில்லை. லுவார் ஆற்றோரமாக நெவேர் பக்கத்திலிருந்து அத்லாந்திக் கடற்கரை வரை ஏறத்தாழ 900 கி.மீ. போகும் பாதை அது. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் சில பகுதிகளில்தான் தனிப்பாதை. மற்ற இடங்களில் ஊர்த் தெருக்களிலும் வெள்ளத்தடுப்பு அணைமேல் ஓடும் வீதிகளிலும் கார்களோடு சேர்ந்துதான் போகவேண்டும். ‘வேலோரூட்’ என்று பெயர் வைத்த எல்லாப் பாதையும் இப்படித்தான்: வெள்ளைப் பலகையில் பச்சைச் சைக்கிள் போட்டு வழி காட்டுவார்கள், கார் வராது என்று சொல்லமாட்டார்கள்.

நீங்கள் தேடுவது ‘வுவா வெர்த்’. நீலச் சதுரப் பலகையில் நடப்பவரும் சைக்கிளும் (சில இடங்களில் குதிரையும்) இருக்கும். அதற்குள் மோட்டார் வாகனம் வரச் சட்டத்தில் இடமில்லை. அதே பலகையில் குறுக்கே சிவப்புக் கோடு கண்டால் பாதை முடிகிறது, கார்கள் தொடங்குகின்றன. ஆகவே புகழ்பெற்ற பாதையின் பெயரைப் பார்த்துத் தெரிவுசெய்யாமல், ஒவ்வொரு துண்டும் எந்த வகை என்று வரைபடத்தில் பாருங்கள். பழைய ரயில்பாதை, கால்வாய்க்கரை இரண்டும்தான் பெரும்பாலும் வுவா வெர்த் ஆக்கப்பட்டவை. ரயில் ஏறிய பாதையில் சைக்கிள் ஏற மூச்சு வாங்காது. சாய்வு பொதுவாக நூற்றுக்கு மூன்றைத் தாண்டுவதில்லை.

முதற்பயணத்துக்கு எங்கள் தெரிவு பூர்கோன் பிரதேசம். ஜிவ்ரியிலிருந்து க்ளுனி வரை 44 கி.மீ. பழைய ரயில்பாதை 1997இல் வுவா வெர்த் ஆனது. பிரான்சில் இந்த வகையில் இதுவே முதலாவது. இரு பக்கமும் திராட்சைத் தோட்டம், பழைய ஸ்டேசன் கட்டடங்கள், தார் போட்ட தளம். வடக்கே ஷலோனிலும் தெற்கே மக்கோனிலும் ரயில் நிலையம் இருப்பதால் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறலாம். க்ளுனிக்கும் மக்கோனுக்கும் இடையில் பூவா-க்ளேர் சுரங்கம், 1.6 கி.மீ. ஜூனிலும் உள்ளே குளிரும். ஒரு சுவெற்றரும் முன்லைற்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வௌவால்களுக்காகக் குளிர்காலத்தில் அதைப் பூட்டிவிடுவார்கள், அப்போது மலைமேல் ஏறித்தான் தாண்டவேண்டும்.

நாலைந்து நாள் வேண்டுமானால் கரோன் கால்வாய். துலூசிலிருந்து கஸ்தே-ஆன்-தோர்த் வரை 193 கி.மீ., அநேகமாக முழுவதும் தார்த் தளம். ஆஜானில் கால்வாயே பாலத்தில் ஏறி ஆற்றைத் தாண்டுகிறது, நீங்களும் படகோடு சேர்ந்து தாண்டலாம். போர்தோ–துலூஸ் ரயில் பாதை பக்கத்திலேயே ஓடுவதால் மர்மாந்த், ஆஜான், முவாசாக், மொந்தோபான் எங்கு களைத்தாலும் ஸ்டேசன் உண்டு.

படங்களில் அதிகம் வருவது மிடிக் கால்வாய்தான். துலூசிலிருந்து முதல் 50 கி.மீ. அளவுக்கு நல்ல தளம். அதற்குப் பிறகு பல இடங்களில் மரவேர் புடைத்த ஒற்றையடிப் பாதை. நிழல் தந்த பிளேன் மரங்களையும் 2006இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கில் வெட்டவேண்டி வந்தது. மெல்லிய ரயரோடு அங்கே போகவேண்டாம்.

கேள்வி: வீட்டில் நல்ல லுமாலா சைக்கிள் நிற்கிறது. விமானத்தில் கொண்டுபோகலாமா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?
– வாசகர், கிண்ணியா

பதில்: வாடகைக்கு எடுங்கள். விமானக் கூலி ஒரு காரணம், ரயர் இன்னொரு காரணம். நம் ஊர்ப் பெரிய வண்டியின் 28 × 1½ ரயர் 635 மி.மீ. றிம்முக்கு உரியது. பிரான்சில் கடைக்குக் கடை கிடைப்பது 700சி, அதாவது 622 மி.மீ. வழியில் ரயர் கிழிந்தால் கிராமத்துக் கடைக்காரர் கையை விரிப்பார். கியர் இல்லாமல் சுமையோடு பாலம் ஏறுவதும் சுகமில்லை.

வாடகை வண்டியில் கவனிக்க வேண்டியவை சில. முதலாவது பிறேக். நம் பக்கத்து வண்டிகளில் பெரும்பாலும் வலக்கை முன்சில்லைப் பிடிக்கும், அங்கே இடக்கை. அவசரத்தில் பழக்கப்படி இடக்கையை இறுக்கினால் முன்சில்லு நின்று, ஆள் ஹாண்டிலுக்கு மேலால் போவார். புறப்படுமுன் வெறும் வளவில் பத்து நிமிடம் பிடித்துப் பிடித்துப் பழகுங்கள். அடுத்தது ரயர் அகலம்: தார் மட்டும் என்றால் 32 மி.மீ. போதும், இறுக்கிய மணல் தளமும் வரும் என்றால் 38 நல்லது. 38 மி.மீ. ரயருக்குச் சுமையோடு 50–55 பி.எஸ்.ஐ. காற்று அளவு. கல்லுப்போல் அடித்தால் மணலில் சில்லு வழுக்கும்.

வால்வு அநேகமாக மெல்லிய ‘பிரெஸ்டா’. நுனியிலுள்ள சின்னத் திருகைக் கழற்றி, ஒருமுறை அழுத்திக் காற்றுச் சீறியதும்தான் பம்பை மாட்டவேண்டும். திருகைக் கழற்றாமல் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. அடித்து முடிந்ததும் திரும்பப் பூட்டுங்கள்.

காற்றுப் போனால் ரியூபை மாற்றுவதற்கு முன் ரயரின் உட்பக்கத்தை விரலால் ஒரு சுற்று மெதுவாகத் தடவுங்கள். வேலி வெட்டும் காலத்தில் பாதையில் சிந்தும் கருமுள் ரயருக்குள் முறிந்து நிற்கும். அதை எடுக்காமல் போட்ட புது ரியூப் அரைமணித்தியாலம் தாங்காது. ஒட்டுப் போடுவதானால் சொலூசன் பளபளப்புப் போய் மங்கும்வரை பொறுங்கள், ஈரத்தில் ஒட்டினால் கழன்றுவிடும். இரண்டு ரியூப், மூன்று ரயர் லீவர், 4, 5 மி.மீ. அலன் சாவி, செயின் எண்ணெய் கையோடு வேண்டும். கரியர் ஆணிகளைத் தினம் காலையில் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பின்பைகளில் மொத்தம் 12 கிலோவுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: ஒரு நாளில் எத்தனை கி.மீ. போகலாம்? எந்தத் திசையில் போவது நல்லது?
– வாசகர், நிலாவெளி

பதில்: 50 கி.மீ. என்று வையுங்கள். மட்டமான பாதைதானே, 80 போகலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இரண்டாம் நாள் சீற்றில் இருக்க முடியாமல் தவிப்பார்கள். கால்வாய்க்கரையில் இறக்கமே இல்லை, ஆகவே பெடலை விடும் நேரமும் இல்லை. உடம்பு ஒரே இருப்பில் இருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள், கைபிடிக்கும் இடத்தையும் மாற்றுங்கள்.

கச்சான் காற்றுக்கு முகம் கொடுத்து கன்னியாப் பக்கம் மிதித்தவர்களுக்குக் காற்று மலையைவிடப் பொல்லாதது என்று சொல்லத் தேவையில்லை. மேற்குப் பிரான்சில் பெரும்பாலும் அத்லாந்திக்கிலிருந்து மேல்காற்று. ஆகவே லுவாரில் கடலிலிருந்து உள்நாடு நோக்கிப் போனால் காற்று முதுகில். ஆற்றுக்கு எதிரே போகிறோமே என்று யோசிக்காதீர்கள், அந்த ஏற்றம் காலுக்குத் தெரியாது. கரோனிலும் அதே கணக்கில் கஸ்தேயிலிருந்து துலூஸ் நோக்கிப் போகலாம். ஆனால் துலூஸ் பக்கம் ‘ஓத்தான்’ என்றொரு தென்கிழக்குக் காற்று நாட்கணக்காக அடிக்கும். முன்னறிவிப்பில் அது தெரிந்தால் ரயிலில் துலூஸ் போய் அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: ரயிலில் சைக்கிளை ஏற்ற விடுவார்களா?
– வாசகி, திருகோணமலை நகர்

பதில்: டி.ஈ.ஆர். எனப்படும் பிரதேச ரயில்களில் ஏற்றலாம், பெரும்பாலும் இலவசம். ஆனால் கோடையில் சில பிரதேசங்களில் சைக்கிளுக்கும் இடம் பதிய வேண்டும், ரிக்கெற் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். டி.ஜீ.வி. கடுகதியில் சைக்கிள் இடமுள்ள வண்டிகள் சிலதான். மற்றவற்றில் சில்லைக் கழற்றி 130 × 90 செ.மீ.க்கு மேற்படாத பையில் கட்டவேண்டும், வாடகை வண்டியோடு அந்தப் பாடு வேண்டாம். பல பெட்டிகளில் முன்சில்லைக் கொழுவித் தொங்கவிடும் கொக்கிதான் இருக்கும். ரயில் வருமுன் பிளாட்பாரத்திலேயே பைகளைக் கழற்றி வையுங்கள். ரயில் நிற்கும் இரண்டு நிமிடத்தில் பையோடு வண்டியைத் தூக்க முடியாது.

கேள்வி: ஹலால் சாப்பாடும் குடிதண்ணீரும் கிராமங்களில் கிடைக்குமா?
– வாசகர், மூதூர்

பதில்: ஹலால் இறைச்சிக்கடை துலூஸ், மொந்தோபான் போன்ற நகரங்களில் உண்டு, கிராமத்தில் எதிர்பார்க்காதீர்கள். இடையில் பாண், முட்டை, ரின்மீன், பருப்பு, பழம். சமைப்பதானால் காஸ் புட்டியை அங்கேயே வாங்குங்கள், விமானத்தில் விடமாட்டார்கள். திருகுப் புட்டி, ‘காம்பிங்காஸ்’ சொடுக்குப் புட்டி என்று இரண்டு வகை உண்டு, ஒன்றின் அடுப்பு மற்றதில் பொருந்தாது.

பசிக்கும்போது கடை தேடுவது அங்கே சரிவராது. மத்தியானம் 12.30க்குச் சாத்தினால் 2.30, 3 மணி வரை கதவு திறக்காது. ஞாயிறு பின்னேரம் ஊரே பூட்டு, திங்களன்று பல பேக்கரிகளும் பூட்டு. சனிக்கிழமையே இரண்டு நாள் சாமான் பையில் இருக்கவேண்டும்.

தண்ணீருக்குச் சேமக்காலையை (கல்லறைத் தோட்டத்தை) தேடுங்கள். வாசலுக்கு உட்புறமாக, பூச்செடிகளுக்கு ஊற்றும் வாளிகள் கிடக்கும் மூலையில் குழாய் இருக்கும். பலகையில் ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கவேண்டாம். ஊர்ப் பொதுக் கழிவறை அருகிலும் குழாய் உண்டு.

கேள்வி: பன்னிரண்டு வயது நிரம்பாத மகனும் வருகிறான். சட்டம் என்ன?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: 12 வயதுக்குக் கீழே ஹெல்மெற் கட்டாயம், 2017 மார்ச்சிலிருந்து. பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை. மணி, முன்லைற், சிவப்புப் பின்லைற் வேண்டும். ஊருக்கு வெளியே இருட்டிலோ பனிமூட்டத்திலோ போனால் ஒளிரும் அங்கியும் போடவேண்டும். காதில் இயர்போன் கூடாது. போக்குவரத்து வலப்பக்கம். பலகை இல்லாத சந்தியில் வலப்புறத் தெருவிலிருந்து வரும் வாகனத்துக்கே முதலிடம், சின்னக் குச்சுத் தெருவாக இருந்தாலும் அதே விதி. வுவா வெர்த் வீதியைக் குறுக்கிடும் இடங்களில் தடைக்கம்பி போட்டிருப்பார்கள். மகனை அங்கே இறங்கி உருட்டிப் போகச் சொல்லுங்கள்.