பனிக்கடலில் சென்ற சரக்குத் தொடரணிகள்: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில், 1941 ஆகஸ்ட் முதல் 1945 மே வரை, பிரிட்டனிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் ஆர்க்டிக் கடல் வழியாகச் சோவியத் ஒன்றியத்தின் வடதுறைமுகங்களுக்குப் போர்க்கப்பல்களின் காவலோடு சென்ற சரக்குக் கப்பல் தொடரணிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: ஈரான் வழியாகச் சரக்கை அனுப்பியிருக்கலாமே? ஏன் இந்த ஆபத்தான வழி?

ஈரான் வழியாகவும் அனுப்பினார்கள். ஆனால் அந்தச் சரக்கு பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வரவேண்டியிருந்தது. ஈரானின் துறைமுகங்களும் ரயில் பாதைகளும் பெருஞ்சுமையைத் தாங்கும் நிலைக்கு வரவும் காலம் பிடித்தது. பசிபிக் வழியாகத்தான் மிக அதிகமான சரக்கு சென்றது என்றாலும், ஜப்பான் அப்போது சோவியத்துடன் போரில் இல்லாததால், அவ்வழியில் சோவியத் கொடி பறந்த கப்பல்களில் போர்த்தளவாடம் அல்லாத பொருள்களே போயின. டாங்கும் விமானமும் விரைவாக வேண்டும் என்றால் ஆர்க்டிக் வழிதான் கைகொடுத்தது. மேலும், அட்லாண்டிக் கடலில் ஓடும் வெப்ப நீரோட்டமான வளைகுடா நீரோட்டத்தின் (Gulf Stream) வெப்பம் எட்டுவதால் மர்மான்ஸ்க் துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை, மற்றொரு வடதுறைமுகமான ஆர்க்காங்கெல்ஸ்க் உறைந்துவிடும்.

கேள்வி: கோடையில் போவது எளிதாக இருந்திருக்குமா?

குளிரைப் பொறுத்தவரை, ஆம். ஆனால் கோடையில் அங்கே இரவே இல்லை. ஜெர்மனி பிடித்திருந்த நார்வேயின் தளங்களிலிருந்து கிளம்பிய ஜெர்மானிய விமானங்களுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் வெளிச்சம் இருந்தது. குளிர்காலத்தில் இருள் மறைத்தது. ஆனால் பனிப்பாறைப் பரப்பு தெற்கே இறங்கிவிடுவதால், கப்பல்கள் நார்வேக் கரைக்கு இன்னும் அருகே போகவேண்டியிருந்தது. மேல்தளத்தில் தெறிக்கும் கடல்நீர் விழுந்த இடத்திலேயே உறையும். கயிறுகளிலும் பாய்மரத்திலும் பீரங்கியிலும் ஏறும் அந்தப் பனியின் எடை கூடிக்கொண்டே போனால் கப்பல் கவிழ்ந்துவிடும் என்பதால், மாலுமிகள் கோடரியும் சுத்தியலும் கொண்டு அதை இடைவிடாது வெட்டி எறிந்தார்கள். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. கடலில் விழுந்தவரைச் சில நிமிடங்களுக்குள் தூக்காவிட்டால் பிழைப்பது அரிது.

கேள்வி: பி.க்யூ. 17 என்ற குறியீட்டுப் பெயர் கொண்ட தொடரணிக்கு என்னதான் நடந்தது?

எல்லோரும் கேட்பது இதைத்தான். இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1942 ஜூன் 27 அன்று 35 சரக்குக் கப்பல்களுடன் அது ஐஸ்லாந்திலிருந்து புறப்பட்டது. ஜூலை 4 மாலை வரை விமானத் தாக்குதல்களில் இழப்பு சிறிதாகவே இருந்தது. அன்றிரவு, 'டிர்பிட்ஸ்' என்ற பெரும் ஜெர்மானியப் போர்க்கப்பல் தாக்க வருகிறது என்று அஞ்சிய பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் டட்லி பவுண்ட், லண்டனிலிருந்து அரைமணி நேரத்துக்குள் மூன்று ஆணைகளை அனுப்பினார்: காவலுக்கு வந்த குரூசர்கள் என்ற விரைவுப் போர்க்கப்பல்கள் மேற்கே திரும்பவேண்டும், தொடரணி கலையவேண்டும், இறுதியாக, கப்பல்கள் சிதறி ஓடவேண்டும். டிர்பிட்ஸ் அடிவானத்தில் தென்படப் போகிறது என்று நினைத்த காவல் தலைவர் ஜாக் புரூம், அதை எதிர்கொள்ளத் தம் நாசகாரிக் கப்பல்களோடு குரூசர்களைப் பின்தொடர்ந்து போனார். டிர்பிட்ஸோ மறுநாள்தான் புறப்பட்டது. அன்றே திரும்பியும் விட்டது. தனித்தனியாக விடப்பட்ட சரக்குக் கப்பல்களை விமானங்களும் நீர்மூழ்கிகளும் ஒவ்வொன்றாக வேட்டையாடின. மொத்தம் 24 கப்பல்கள் மூழ்கின. 153 வணிக மாலுமிகள் இறந்தார்கள். 430 டாங்குகளும் 210 விமானங்களும் 3,350 வண்டிகளும் கடலுக்கடியில் போயின. தொடரணியின் வலிமையே சேர்ந்து செல்வதில்தான் இருக்கிறது; களத்தைக் காணாமல் தொலைவிலிருந்து அதைக் கலைத்த முடிவு தவறு என்பதே என் உறுதியான கருத்து.

அந்த நாள்களிலும் ஒரு செயல் என்னை நெகிழச் செய்கிறது. 'அயர்ஷயர்' என்ற ஆயுதம் தாங்கிய சிறிய மீன்பிடிக் கப்பலின் தலைவர் லியோ கிராட்வெல், போருக்கு முன் வழக்கறிஞராக இருந்தவர். அவர் மூன்று சரக்குக் கப்பல்களைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு பனிப்பரப்புக்குள் புகுந்தார். கப்பல்களுக்கு வெள்ளை வண்ணம் பூசி, மேல்தளங்களில் வெள்ளைத் துணிகளை விரித்து, சரக்காக ஏற்றியிருந்த டாங்குகளின் பீரங்கிகளையே குண்டேற்றித் தயாராக வைத்தார்கள். நான்கு கப்பல்களும் ஆர்க்காங்கெல்ஸ்க் சேர்ந்தன.

கேள்வி: அதற்குப் பிறகு நிலைமை மாறியதா?

மாறியது. 1942 செப்டம்பரில் சென்ற பி.க்யூ. 18 தொடரணியில் 'அவெஞ்சர்' என்ற சிறு விமானந்தாங்கிக் கப்பல் உடன் போனது. 13 சரக்குக் கப்பல்களை இழந்தாலும், தொடரணி கலையாமல் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: இந்தச் சரக்கு உண்மையில் பயன்பட்டதா?

பயன்பட்டது. 1941 இறுதியில் மாஸ்கோவைக் காத்த சோவியத் படைகளிடம் இவ்வழியாக வந்த பிரிட்டிஷ் டாங்குகள் இருந்தன. மொத்த அளவில் இது சோவியத் உற்பத்திக்கு ஈடாகாது. ஆனால் தொழிற்சாலைகளைக் கிழக்கே மாற்றிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் வந்த உதவியின் மதிப்பை டன் கணக்கால் மட்டும் அளக்கக்கூடாது என்று கருதுகிறேன்.

கேள்வி: உயிர்தப்பிய மாலுமிகளுக்கு உரிய மரியாதை கிடைத்ததா?

மிகத் தாமதமாகக் கிடைத்தது. மொத்தம் 78 தொடரணிகளில் 85 சரக்குக் கப்பல்களும் 16 பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் மூழ்கின. சுமார் 3,000 பேர் இறந்தார்கள். இவர்களுக்கென்றே தனியாக 'ஆர்க்டிக் ஸ்டார்' என்ற பதக்கத்தை பிரிட்டிஷ் அரசு வழங்கியது 2013இல்தான். போரின்போது இருபது வயதில் இருந்தவர்கள், அதைப் பெற்றபோது தொண்ணூறை நெருங்கியிருந்தார்கள்.