அரை டன் பிக்கப்புக்கு ஏற்ற டாய் ஹாலர் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பின்பகுதியில் பைக், சைடு-பை-சைடு (இருவர் அருகருகே அமர்ந்து மணலிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) போன்ற வண்டிகளை ஏற்றிக்கொண்டு, முன்பகுதியில் குடும்பத்தோடு தங்கிக்கொள்ளக்கூடிய டிரெய்லரை அமெரிக்காவில் டாய் ஹாலர் என்கிறார்கள். எஃப்-150, ராம் 1500, சில்வராடோ 1500, டண்ட்ரா போன்ற அரை டன் பிக்கப் வைத்திருக்கும் நம்மவர்கள் சிலர் இதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக இத்தகைய டிரெய்லர்களை இழுத்து வருபவன் என்ற முறையில் பதில் தருகிறேன். வண்டியின் ஸ்டிக்கரும் எடைமேடைச் சீட்டும் பவுண்டிலேயே இருப்பதால், எடைகளைக் கிலோவுக்கு மாற்றாமல் பவுண்டிலேயே தந்திருக்கிறேன்.

கேள்வி (ஆஸ்டின், டெக்சாஸ்): என்னுடைய எஃப்-150 பதினோராயிரம் பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று விற்பனைக் கையேடு சொல்கிறது. சாமான்களோடு சேர்த்து மொத்தம் 9,500 பவுண்டு வரை எடை வரக்கூடிய டாய் ஹாலர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டையிட்ட வெள்ளை ஸ்டிக்கரைப் பாருங்கள். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஓர் எண் இருக்கும். அதுதான் உங்கள் வண்டியின் பேலோட். ஒரே மாடலாக இருந்தாலும் இருக்கை, சன்ரூஃப், நான்கு சக்கர இயக்கம் என்று கூடுதல் வசதிகளுக்கேற்ப இந்த எண் வண்டிக்கு வண்டி மாறும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் எஃப்-150 எதை இழுக்கிறது என்பதை வைத்து உங்கள் வண்டிக்கு முடிவெடுக்க முடியாது.

அந்த எண் 1,640 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் சேர்ந்து 560 பவுண்டு. ஓட்டுநரும் இந்தக் கணக்கில் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எடைப் பகிர்வு ஹிட்ச் (டிரெய்லரைப் பிக்கப்போடு மாட்டும் இணைப்பு; அதன் வேலையைப் பின்னால் சொல்கிறேன்) 80 பவுண்டு, பிக்கப்பின் பின்பெட்டியில் வைக்கும் ஐஸ் பெட்டி, கருவிகள், நாற்காலிகள் 120 பவுண்டு. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 880. டிரெய்லரின் முன்முனை ஹிட்சின் மீது அழுத்தும் எடை அந்த 880-க்குள் அடங்க வேண்டும். நிலையாக ஓடுவதற்கு, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை ஹிட்சில் அமர வேண்டும். டாய் ஹாலர்களுக்கு 13 விழுக்காடு என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. 880-ஐ 0.13-ஆல் வகுத்தால் 6,769 வருகிறது. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு உங்கள் டிரெய்லர் தொடக்கூடிய உச்சவரம்பு அவ்வளவுதான். கையேட்டின் பதினோராயிரம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாத எண்.

அந்தப் பதினோராயிரம் பொய் என்றும் நான் சொல்ல மாட்டேன். வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே2807 என்ற தரநிலையின்படி அளக்கப்படும் எண் அது. அதில் வண்டிக்குள் ஆளுக்கு 150 பவுண்டாக இருவர் மட்டுமே இருப்பதாகவும், டிரெய்லர் எடையில் 10 விழுக்காடு ஹிட்சில் இருப்பதாகவும் கொள்கிறார்கள். அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில் குளிர்சாதனத்தை முழு வேகத்தில் வைத்தபடி மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறுவதும் அந்தச் சோதனையின் ஒரு பகுதி. எஞ்சினும் கியர்பாக்ஸும் தாங்குகின்றனவா என்பதை அது நேர்மையாகவே சொல்கிறது. ஆனால் நான்கு பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறியபின் உங்கள் பின் அச்சும் டயர்களும் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது கதவு ஸ்டிக்கர் மட்டுமே.

இனி அந்த 6,700 பவுண்டுக்குள் என்ன அடங்கும் என்று பார்ப்போம். ஒரு சைடு-பை-சைடு 1,500, நாற்பது காலன் தண்ணீர் 334, உணவு, துணி, படுக்கை, ஹெல்மெட், கேஸ் எல்லாம் சேர்த்து 400. எனவே நீங்கள் தேட வேண்டியது, காலியாக இருக்கும்போது ஏறத்தாழ 4,500 பவுண்டு உள்ள டிரெய்லர். இருபது அடியைச் சுற்றிய அளவில் அப்படிப்பட்டவை கிடைக்கின்றன. தனிப் படுக்கையறையும் பக்கவாட்டில் நீளும் அறையும் அந்த எடையில் கிடைக்காது என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ், அரிசோனா): விளம்பரத்தில் “அரை டன் வண்டிக்கு ஏற்றது” என்று போட்டிருக்கிறார்களே, அதை நம்பலாமா?

பதில்: அது பெரும்பாலும் டிரெய்லரின் காலி எடையை வைத்துச் சொல்லப்படுவது. அரை டன் என்ற பெயரே ஒரு காலத்தில் ஆயிரம் பவுண்டு சுமக்கும் வண்டி என்ற பொருளில் வந்தது. இன்று அது ஒரு வகையின் பெயர் மட்டுமே. டிரெய்லரின் வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் தகட்டில், ஏற்றிய பின் அது தொடக்கூடிய உச்ச எடை ஜி.வி.டபிள்யூ.ஆர். என்ற பெயரில் இருக்கும். விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு அந்த எண்ணையும், சரக்கு கொள்ளளவையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி (சான் டியேகோ, கலிஃபோர்னியா): எங்களிடம் இருப்பது இரண்டு டர்ட் பைக்குகள் மட்டும்தான். கிளாமிஸ் மணல்மேடுகளுக்கு ஆண்டுக்கு நான்கைந்து முறை போகிறோம். எங்களுக்கும் இதே கணக்குத்தானா?

பதில்: கணக்கு ஒன்றுதான். ஆனால் உங்களுக்கு அது மிகவும் சாதகமாக வரும். ஒரு டர்ட் பைக் ஏறத்தாழ 250 பவுண்டு. இரண்டும் சேர்ந்தாலும் ஒரு சைடு-பை-சைடில் மூன்றில் ஒரு பங்குதான். அரை டன் பிக்கப்புக்கும் டாய் ஹாலருக்கும் பொருத்தம் மிக நன்றாக அமைவது உங்களைப் போன்றவர்களுக்கே. பைக்குகளைப் பிக்கப்பின் பின்பெட்டியிலேயே ஏற்றி, சாதாரண டிரெய்லரை இழுக்கலாமே என்று சிலர் யோசிப்பார்கள். அப்படிச் செய்தால் 500 பவுண்டும் அப்படியே பேலோடில் விழும். டாய் ஹாலரின் பின்பகுதியில் நிற்கும் பைக்கோ ஹிட்ச் எடையைச் சற்றுக் குறைக்கவே செய்யும்.

உங்கள் கவலை தண்ணீராக இருக்க வேண்டும். மணல்மேட்டு முகாம்களில் குழாய் இணைப்பு கிடையாது. நூறு காலன் தொட்டியுள்ள டிரெய்லரை வீட்டிலேயே நிரப்பினால் 834 பவுண்டைச் சுமந்துகொண்டு 8-ஆம் எண் நெடுஞ்சாலையில் நாலாயிரம் அடி உயரம் வரை ஏறி, பிறகு இன்-கோ-பா சரிவில் பாலைவனத்துக்கு இறங்க வேண்டும். மணல்மேடுகளுக்கு முன்னால் வரும் பிராலி ஊர் வரை போய், அங்கே நிரப்பிக்கொள்வது நல்லது. அதன் பிறகு வழி சமதரைதான். திரும்பும்போது அந்த நீரெல்லாம் கழிவுநீர்த் தொட்டிகளுக்குப் போயிருக்கும் என்பதையும், அந்தத் தொட்டிகள் டிரெய்லரின் வேறோர் இடத்தில் இருப்பதால் எடை அமைப்பே மாறியிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். இயன்றால் மலையேறும் முன் கழிவுநீர் வெளியேற்றும் நிலையத்தில் அவற்றைக் காலி செய்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும்போது உச்ச வேகம் மணிக்கு 55 மைல் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சட்டம் இல்லாத மாநிலத்திலும் நான் அறுபதைத் தாண்டுவதில்லை.

கேள்வி (ராலே, வட கரோலினா): காலியாக இழுத்தால் பிக்கப்பின் பின்புறம் தாழ்கிறது, வண்டியை ஏற்றினால் நிமிர்கிறது. இது எப்படி?

பதில்: மற்ற டிரெய்லர்களிலிருந்து டாய் ஹாலர் வேறுபடுவது இந்த இடத்தில்தான். சமையலறை, குளியலறை, தொட்டிகள், படுக்கை எல்லாம் முன்னால் நெருங்கி இருக்க, பின்பகுதி காலியான கொட்டகையாக இருப்பதால், காலியாக இருக்கும்போதுதான் ஹிட்ச் எடை மிக அதிகம். அச்சுகளுக்குப் பின்னால் வண்டியை ஏற்றியதும் சீசா பலகையைப் போல முன்முனை எழும்புகிறது. எனவே காலி நிலையிலும் ஏற்றிய நிலையிலும் தனித்தனியே எடை பார்க்க வேண்டும். ஒன்றில் பேலோட் மீறக்கூடும். மற்றொன்றில் ஹிட்ச் எடை பத்து விழுக்காட்டுக்குக் கீழே போய், டிரெய்லர் வாலாட்டத் தொடங்கிவிடும்.

இரண்டாவது ஆபத்தை நான் அனுபவித்திருக்கிறேன். டாய் ஹாலர் வாங்கிய முதல் ஆண்டில், சைடு-பை-சைடை முன்பக்கமாகவே ஓட்டி ஏற்றிக் கட்டியிருந்தேன். நீளமான இறக்கம் ஒன்றில் பெரிய சரக்கு லாரி கடந்து போனபோது, அதன் காற்று அடித்ததும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. பின்பார்வைக் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கச்சுவர் ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் என்று மாறி மாறித் தெரிந்தது. பிக்கப் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியை அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்தேன், வண்டி நேரானது. என் மனைவி அன்று மாலை வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் எடை பார்த்தபோது 6,300 பவுண்டு டிரெய்லரில் ஹிட்ச் எடை 510 மட்டுமே இருந்தது, எட்டு விழுக்காடு. என் சைடு-பை-சைடுக்கு எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. முன்பக்கமாக ஏற்றியதால் அதன் பாரமான பாதி, சாய்தளக் கதவை ஒட்டி நின்றுவிட்டது. பின்பக்கமாக ஏற்றி, ஓரடி முன்னே தள்ளி, நான்கு சக்கரங்களையும் தரை வளையங்களோடு ராட்செட் பட்டையால் இறுக்கிய பிறகு அதே எடை 710 ஆனது. அன்றிலிருந்து பின்பக்கமாகத்தான் ஏற்றுகிறேன். டிரெய்லர் வாங்கும் முன் தரை வளையங்கள் எங்கெங்கே பதிக்கப்பட்டிருக்கின்றன என்பதை டேப் வைத்து அளந்து, உங்கள் வண்டியை முன்னுக்கு நகர்த்தி நிறுத்த இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி (டாலஸ், டெக்சாஸ்): எடைப் பகிர்வு ஹிட்ச் போட்டால் பேலோட் கூடும் என்று கடையில் சொன்னார்கள்.

பதில்: கூடாது. ஹிட்சில் விழும் எடையில் ஒரு பகுதியைப் பிக்கப்பின் முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் அது தள்ளிவிடுகிறது. முன் சக்கரங்கள் தரையை நன்றாகப் பற்றுவதால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் சரியாக வேலை செய்கின்றன. ஸ்டிக்கரில் அச்சிட்ட எண்ணை அது மாற்றுவதில்லை. ஆயினும் அரை டன் வண்டிக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன். டிரெய்லரை மாட்டும் முன் முன்சக்கர வளைவின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு, மாட்டிய பின் எவ்வளவு எழும்பியது, ஹிட்சின் எடைப் பகிர்வுக் கம்பிகளை இறுக்கிய பின் எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, உங்கள் வண்டிக் கையேடு கேட்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி (அட்லாண்டா, ஜார்ஜியா): ஐந்தாம் சக்கர வகை (பிக்கப்பின் பின்பெட்டிக்குள் மாட்டும் வகை) டாய் ஹாலர் இன்னும் நிலையாக ஓடும் என்கிறார்களே?

பதில்: நிலையாக ஓடும், உண்மை. ஆனால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பிக்கப்பின் பின்பெட்டியில் அமரும். அரை டன் வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி (டென்வர், கொலராடோ): மலைப் பயணங்களுக்கு எஞ்சின் போதுமா?

பதில்: டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ மூன்று விழுக்காடு ஆற்றலை இழக்கிறது. பதினோராயிரம் அடியைத் தாண்டிய ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உங்கள் பகுதிக்கு டர்போ எஞ்சின் பெருந்துணை. ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன்: டிரெய்லர் இழுப்பதற்கென்றே உள்ள டோ/ஹால் மோடில் வைத்து, கியரைக் குறைத்து, எஞ்சினையே வேகத்தைப் பிடிக்க விடுங்கள்.

கேள்வி (சியாட்டில், வாஷிங்டன்): கொட்டகைப் பகுதியில் மடிப்புக் கட்டில் இருக்கிறது. பெட்ரோல் வண்டி நின்ற இடத்தில் பிள்ளைகளைத் தூங்க வைக்கலாமா?

பதில்: ஒரு தாயாக நீங்கள் கேட்டிருக்கும் இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும். வண்டியை இறக்கியபின் சாய்தளக் கதவையும் சன்னல்களையும் திறந்து நன்றாகக் காற்றோட விடுங்கள். தரையில் சிந்திய எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். பெட்ரோல் கேன்களை உள்ளே வைக்காதீர்கள். பெட்ரோல் வாடை இருக்கும்வரை அங்கே யாரும் படுக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு, கேஸ் கசிவு இரண்டுக்குமான எச்சரிக்கைக் கருவிகள் காலாவதி ஆகாமல் இருக்கின்றனவா என்று பின்புறத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது யாரும் தூங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மாறாத விதி. கொட்டகைக்கும் தங்கும் பகுதிக்கும் இடையே கதவோடு கூடிய தடுப்புச்சுவர் உள்ள அமைப்பு பிள்ளைகளுக்கு நல்லது. அரை டன் வண்டிக்கேற்ற சிறிய டிரெய்லர்களில் அது அரிது என்பதால், வண்டிகளை இரவில் வெளியே பூட்டி நிறுத்துவதே வழி.

கேள்வி (ஹூஸ்டன், டெக்சாஸ்): எடை பார்ப்பது எங்கே, எப்படி?

பதில்: நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடைகள் இருக்கும். பிக்கப்பின் முன்சக்கரம் முதல் பலகையிலும் பின்சக்கரம் இரண்டாவதிலும் டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதிலும் வரும்படி நிறுத்தி, பொத்தானை அழுத்தி, சொந்த வண்டி என்று சொன்னால் சீட்டு தருவார்கள். பயணத்துக்குப் புறப்படும் கோலத்திலேயே, குடும்பத்தோடும் தண்ணீரோடும் போங்கள். எடைப் பகிர்வுக் கம்பிகளைத் தளர்த்தி ஒருமுறையும், டிரெய்லரை ஓரமாகக் கழற்றிவிட்டு பிக்கப்பை மட்டும் ஒருமுறையும் நிறுத்துங்கள். பிக்கப்பின் இரு அச்சுகளின் கூட்டுத்தொகை இரண்டு சீட்டுகளிலும் எவ்வளவு வேறுபடுகிறதோ அதுவே ஹிட்ச் எடை.

இன்னும் டிரெய்லர் வாங்காதவராக இருந்தாலும், இந்த வாரக் கடைசியில் குடும்பத்தையும் வழக்கமான சாமான்களையும் ஏற்றி பிக்கப்பை மட்டும் எடை போட்டு வாருங்கள். கதவுத் தூணில் உள்ள மற்றொரு ஸ்டிக்கரில் பிக்கப்பின் ஜி.வி.டபிள்யூ.ஆர். இருக்கும், அதிலிருந்து சீட்டின் எண்ணைக் கழித்து, அதில் ஹிட்சுக்காக 80 பவுண்டையும் குறைத்தால் மிஞ்சுவதுதான், விற்பனையாளரின் முன் உட்காரும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய எண்.