70 வயது அம்மா யாருடனும் கதைப்பதில்லை, எல்லாம் மறக்கிறார். இது வயதா, மனச்சோர்வா?

"கவலையாக இருக்கு" என்று உங்கள் அம்மா வாய்திறந்து சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். என் அம்மா சொல்லவேயில்லை. "நாரி நோகுது, வயிறு எரியுது" என்றுதான் எட்டு மாதம் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் காசைக் கொட்டி எடுத்தோம். ஒன்றுமில்லை. பொங்கலன்று கோலம் போடக்கூட எழும்பவில்லை. "பஞ்சி பிடிச்சிட்டுது" என்று ஏசினது நான்தான்.

பிறகு மறதி. அடுப்பில் பாலை வைத்தால் அது கருகும்வரை தெரியாது. அல்சைமர் என்கிற மறதி நோய்தான் என்று பயந்து அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். "இப்ப என்ன மாதம் அம்மா?" என்று டொக்டர் கேட்க, "தெரியாது, என்னைக் கேளாதையுங்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த டொக்டர்ப் பிள்ளை அதைத்தான் பிடித்தது. மறதி நோய்க்காரர் அநேகமாக ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்களாம். மனம் சோர்ந்தவர்கள் யோசித்தும் பாராமல் "தெரியாது" என்பார்களாம். (இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, இரண்டும் சேர்ந்தும் வரும். யாராவது திருத்த வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.)

மனச்சோர்வு இருக்கா என்று பார்க்க முதியோருக்கென்றே 15 கேள்விகள் இருக்கின்றன. ஓம், இல்லை, அவ்வளவுதான் பதில். 5 புள்ளிக்கு மேல் போனால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். அம்மாவுக்கு 11. "வாழ்க்கை வெறுமையாக் கிடக்கோ?" என்றதற்கு என்னைப் பார்க்காமல் "ஓம்" என்றார். அதே வீட்டில்தான் நானும் இருக்கிறேன்.

தைரொயிட், விட்டமின் பி12 பார்த்து, ஏற்கெனவே போடும் குளிசைகளையும் விசாரித்த பிறகே மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தார்கள். வயதானவர்களுக்கு இந்த மருந்தால் இரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு இறங்கலாம் என்று இடையில் இரத்தமும் சோதித்தார்கள். ஆறு கிழமை கழித்துத்தான் தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று சண்டை பிடித்தார்.

குளிசை விற்க வந்தவள் என்று எழுதுகிறவர்கள் எழுதுங்கள். உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 60 தாண்டியவர்களில் நூற்றுக்கு 6 பேர் அளவில் இந்தச் சோர்வோடு இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய் ஆச்சி மட்டும் இருக்கிற வீடுகள் நாலு.

கனடா அண்ணாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது, "அம்மாவை ஏன் விசர் டொக்டரிட்ட கொண்டுபோனாய்? நீ ஒழுங்காச் சாப்பாடு குடுக்கேல்லை" என்றார். கிழமைக்குப் பத்து நிமிடம் வீடியோவில் வருகிறவர்! விட்டமின் மட்டும் தவறாமல் அனுப்புகிறார். ஐந்து போத்தல் உடைக்காமல் அலுமாரியில் கிடக்கிறது.