வெள்ளத்தை எந்தப் பக்கம் எழுதுவது?

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். பலகையில் நடுவே கோடு போட்டு, இயற்கைப் பேரிடர் ஒரு பக்கம், மனிதரால் வரும் பேரிடர் மறுபக்கம் என்று எழுதச் சொன்னேன். ஒரு சிறுமி, "2022 வெள்ளத்தை எந்தப் பக்கம் எழுதணும் டீச்சர்?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த வெள்ளத்தில் வீடு போன ஒரு பையனும் வகுப்பில் இருக்கிறான். பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் இதை எப்படிச் சொல்லித்தருவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள். சிறுமியின் கேள்வியையே பாடமாக்கலாம்.

முதலில் மழை. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் வட்டாரத்தில் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. வெறும் எண்ணாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒன்றும் தோன்றாது. பையிலிருக்கும் 30 சென்டிமீட்டர் ஸ்கேலை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தச் சொல்லுங்கள். பெய்த மழை வழிந்தோடாமல் நின்றிருந்தால் அவ்வளவு உயரம். அப்புறம் அந்தத் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று கேளுங்கள். மேட்டிலிருந்து சரிவுக்கு, சரிவிலிருந்து ஓடைக்கு என்று அவர்களே சொல்வார்கள். அந்தச் சரிவிலும் கரையிலும் யார் குடியிருந்தார்கள், ஏன் அங்கே போய்க் குடியிருந்தார்கள்? 400 பேருக்கு மேல் இறந்ததற்குப் பாதி விடை இந்தக் கேள்வியில் இருக்கிறது. மழையும்கூட முழுக்க இயற்கை இல்லை. புவி வெப்பமானதால் இப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிவிட்டது என்று அறிவியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நம்மவர்கள் கதையும் இதில் இருக்கிறது. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி, இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்துக்குள் புகுந்தது. மாரிமுத்து படவட்டனும் அவரோடு ஐந்து பேரும் மீன்பிடிப் படகை அந்த வெள்ளத்தில் இறக்கி, திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரைசேர்த்தார்கள். இதை நிதானமாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் கண்ணிமைக்காமல் கேட்பார்கள். அதே ஸ்பிரிங்ஃபீல்டில், டின் டவுன் என்ற ஏழைக் குடியிருப்பை 1976இல் மறுபடி வெள்ளம் அடித்தது. அங்கிருந்தவர்களை டர்பனுக்கு வடக்கேயுள்ள ஃபீனிக்ஸில் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். ஒருமுறை ஆறு புகுந்த இடத்தில் ஏழைகள் ஏன் இருந்தார்கள்? யார் எங்கே வசிக்கலாம் என்பதை நிறத்தைப் பார்த்து முடிவுசெய்த நாடு இது. பத்து வயதில் இது நன்றாகவே புரியும். சாட்ஸ்வொர்த்துக்கு நம் குடும்பம் எப்படி வந்தது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

மனிதர் கைப்பட்ட பேரிடருக்கு வெகுதூரம் போக வேண்டாம். 2021 ஜூலைக் கலவரத்தில் கோர்னூபியாவில் பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்தது. அங்கிருந்து நஞ்சு கலந்த நீர் ஓலாங்கா ஆற்றில் இறங்கி, மீன்கள் செத்து மிதந்தன, கடற்கரைகளை மூடினார்கள். தீ வைத்தவர்கள் ஒரு பக்கம், அவ்வளவு நஞ்சை ஓரிடத்தில் குவித்து வைத்தவர்கள் ஒரு பக்கம். யார் பொறுப்பு என்று பிள்ளைகள் வாதாடட்டும்.

அந்தப் பையனை மட்டும் எழுப்பி, "உனக்கு என்ன ஆச்சு, சொல்லு" என்று கேட்டுவிடாதீர்கள். அவனாகச் சொன்னால் நேரம் பார்க்காமல் கேளுங்கள். பாடத்துக்கு முன்பே அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. வெள்ளக் காட்சி வீடியோக்கள் எதுவும் வேண்டாம்.

என்ன செய்யலாம் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். ஓடும் தண்ணீர் முழங்காலளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும், அதில் இறங்கக் கூடாது. சுவரில் புது விரிசல் கண்டால் உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். செல்போனிலிருந்து 112ஐ அழைக்கலாம். எந்தத் தெரு, பக்கத்தில் என்ன கடை, என்ன கோவில் என்று தெளிவாகச் சொல்ல வகுப்பிலேயே ஒவ்வொருவரையும் பழக்குங்கள்.

அன்புடன்.