காப்பி வேலையை ஸ்டோரேஜே செய்துகொள்ளும் என்றார்களே, எங்களிடம் ஏன் வேகம் கூடவில்லை?

"ஓடிஎக்ஸ் (காப்பி வேலையை ஸ்டோரேஜிடமே விட்டுவிடும் விண்டோஸ் வசதி) இருக்கிறது என்று சொல்லிப் புது ஸ்டோரேஜை விற்றார்கள், காப்பி பழைய வேகத்திலேயே போகிறது, ஏமாற்றிவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2014இல் என்னையும் இப்படித்தான் கேட்டார்கள். "நீ என்னத்தை கான்ஃபிகர் பண்ணி வைத்தாய்?" என்று, பத்துப் பேர் முன்னால். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பழைய பெட்டியிலிருந்து புதுப் பெட்டிக்குத்தான் டேட்டாவை மாற்றிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ஆஃப்லோடை, அதாவது சர்வரின் காப்பி வேலையை ஸ்டோரேஜ் ஏற்றுக்கொள்வதை, எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வால்யூமும் (சர்வருக்கு டிஸ்க்காகத் தெரியும் பகுதிகள்) பொதுவாக ஒரே அரேக்குள், அதாவது ஒரே ஸ்டோரேஜ் பெட்டிக்குள், இருக்க வேண்டும். விண்டோஸ் சர்வர் 2012இல் வந்த ஓடிஎக்ஸ், கிடங்கு ரசீது மாதிரி. சர்வர் டேட்டாவைப் படிப்பதில்லை. "இந்த இடத்தில் இருப்பதற்கு ரசீது கொடு" என்கிறது. அரே 512 பைட் டோக்கன் ஒன்றைத் தருகிறது. அதை எழுத வேண்டிய வால்யூமிடம் நீட்டினால், மூட்டையை அரே உள்ளுக்குள்ளேயே நகர்த்திக்கொள்ளும். விஎம்வேரில் இதே வேலையை 2010இல் 4.1 பதிப்போடு வந்த விஏஏஐ செய்கிறது.

எங்கள் கதைக்கு வருகிறேன். பயிற்சி லேபுக்காக 60 ஜிபி விஎச்டிஎக்ஸ் (விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் ஃபைல்) ஒன்றை 40 பிரதி எடுக்க வேண்டும். மொத்தம் 2.4 டிபி. 1 ஜிகாபிட் ஐஸ்கசியில் (நெட்வொர்க் வழியாக ஸ்டோரேஜை இணைக்கும் முறை) நொடிக்கு 110 எம்பி கிடைத்தாலே பெரிது, ஆறு மணி நேரம் ஆகும். எங்களுக்குக் கிடைத்த அவகாசமும் சனி இரவு 10 முதல் விடியற்காலை 4 வரைதான். இரண்டு வாரம் தொடர்ந்து முடியாமல் நின்றது. பழி ஸ்டோரேஜ் மேல், அதாவது என் மேல்.

மூன்றாவது சனிக்கிழமை 'எஃப்எல்டிஎம்சி இன்ஸ்டன்சஸ்' (fltmc instances) கட்டளையை அடித்துப் பார்த்தேன். வால்யூம் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபில்டர் டிரைவர்களை, அதாவது ஃபைல் படிப்பதையும் எழுதுவதையும் நடுவில் நின்று பார்க்கும் மென்பொருள்களை, அது காட்டும். மற்றவற்றுக்கெல்லாம் சப்போர்ட் மதிப்பு 3 (ஆஃப்லோடு முறையில் படிக்கவும் எழுதவும் விடும்), ஆன்ட்டிவைரஸ் ஃபில்டருக்கு மட்டும் 0 (இரண்டும் தெரியாது). ஆஃப்லோடு தெரியாத ஒரே ஒரு ஃபில்டர் நடுவில் இருந்தால் போதும், விண்டோஸ் சத்தமில்லாமல் பழைய வழிக்குப் போய்விடும். எரர் வராது, ஈவன்ட் லாகைப் புரட்டியும் எனக்கு ஒன்றும் சிக்கவில்லை. ஆன்ட்டிவைரஸின் புதிய பதிப்பைப் போட்டதும் அதே 40 பிரதி முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. டாஸ்க் மேனேஜர் கிராஃபில் நெட்வொர்க் கோடு தரையோடு படுத்துக் கிடந்ததை இன்றும் மறக்கவில்லை.

ஆன்ட்டிவைரஸைக் கழற்றச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், புதுப்பிக்கத்தான் சொல்கிறேன். ஆஃப்லோடு என்றால் வேலையே மறைந்துவிடும் என்றும் சொல்லவில்லை. பொதுவாக டிஸ்க் அதே அளவு படிக்கிறது, எழுதுகிறது. கன்ட்ரோலருக்கு மூச்சு வாங்கும். எட்டு காப்பியை ஒரே நேரத்தில் விட்டபோது பக்கத்து டேட்டாபேஸ் தள்ளாடியதைப் பார்த்த பிறகு, இரண்டிரண்டாகத்தான் விடுகிறேன். எல்லா ஃபைலுக்கும் இது நடக்கவும் நடக்காது. பிட்லாக்கரால் என்க்ரிப்ட் செய்தது, கம்ப்ரஸ் செய்தது, டீடூப் ஆனது (ஒரே மாதிரி டேட்டாவை ஒருமுறை மட்டும் வைப்பது) எல்லாம் பழைய வழியில்தான் போகும்.

திங்கட்கிழமை வந்த மெயிலில் விற்பனையாளரின் இன்ஜினியருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். என் பெயர் இல்லை, ஏனென்றால் நான் கான்ட்ராக்ட். அந்த மூன்று சனிக்கிழமையும் வேலை முடிந்து வீட்டுக்குப் போக கேப் கிடையாது, அது நிரந்தர ஊழியர்களுக்கு மட்டுமாம். விடியற்காலை முதல் பஸ் வரும்வரை செக்யூரிட்டி அண்ணனோடு கேட்டில் உட்கார்ந்திருப்பேன். வேலை ஒன்றுதானே, அந்த நேரத்தில் ரோடு எங்களுக்கு மட்டும் பாதுகாப்பாகிவிடுமா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் முதலில் ஒரே அரேக்குள் இரண்டு வால்யூம் எடுத்து, 50 ஜிபி ஃபைல் ஒன்றைக் காப்பி செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஐஸ்கசி கார்டின் கோடு எழும்பினால் ஆஃப்லோடு நடக்கவில்லை என்று அர்த்தம். அப்போது நான் சொன்ன கட்டளையின் வெளியீட்டைக் கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.