பைஎன்வ் வழியாகப் பைதன் நிறுவும்போது பாதியில் நிற்பது ஏன்?

உபுண்டு 22.04 இல் பைதன் 3.12 நிறுவும்போது 'பில்ட் ஃபெயில்ட்' என்று நிற்கிறது, பைதனின் பல பதிப்புகளை நிறுவி மாற்றிக்கொள்ள உதவும் கருவியான பைஎன்வ்வை (pyenv) அழித்துத் திரும்பப் போட்டும் சரிவரவில்லை என்கிறீர்கள். தயவுசெய்து இனி அழிக்காதீர்கள். கோளாறு அங்கே இல்லை.

லினக்ஸில் பைஎன்வ் பைதனின் மூலநிரலை இறக்கி, உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்கிறது, அதாவது இயங்கும் நிரலாக மாற்றுகிறது. அதற்குத் தேவையான நூலகம் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடலாம். கடைசி வரியை விட்டு, திரையில் கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள்.

உப்புவெளியில் என் தங்கையின் லாப்டொப்பிலும் இதேதான் நடந்தது. மேலே போனால், பாதுகாப்பான இணைய இணைப்புக்கான எஸ்எஸ்எல் எக்ஸ்டென்ஷன் கம்பைல் ஆகவில்லை, ஓப்பன்எஸ்எஸ்எல் இல்லையா என்று தெளிவாகவே கேட்டிருந்தது. உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ஏப்ட் (apt) கட்டளை மூலம் பில்ட்-எசென்ஷியல் (build-essential), லிப்எஸ்எஸ்எல்-டெவ் (libssl-dev), இசட்லிப்1ஜி-டெவ் (zlib1g-dev), லிப்எஃப்எஃப்ஐ-டெவ் (libffi-dev) நான்கையும் போட்டோம். அடுத்த முயற்சியிலேயே முடிந்தது. பெயரில் 'டெவ்' இருப்பது முக்கியம், ஏனென்றால் கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் அதில்தான் வரும்.

அவள் அதுவரை போன் டேட்டாவில் மூன்று தடவை இறக்கியிருந்தாள், பாவம். பைஎன்வ் கோப்புறைக்குள் 'கேஷ்' (cache) என்று ஒரு கோப்புறை உருவாக்கி வையுங்கள். இறக்கியது அங்கே தங்கும், மறுபடி டேட்டா செலவாகாது.

அப்புறம், நிறுவிய பின்னும் பழைய 3.10 தான் வந்தால், பைஎன்வ் குளோபல் கட்டளையில் 3.12 ஐத் தேர்ந்தெடுங்கள். டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில், பைஎன்வ்வை இயக்கிவைக்கும் பைஎன்வ் இனிட் (pyenv init) வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். சேர்த்த பிறகு டெர்மினலை மூடித் திறக்க வேண்டும்.