மணிக்கட்டில் சுற்றியிருந்த துணி

வணக்கம் மேடம். எனக்கு 36 வயது. பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. அம்பாங் பார்க் பக்கம் ஒரு கிளினிக்கில் 11 வருடமாகக் கவுண்டர் வேலை. எரிந்து விழுகிறவர்களிடமும் சிரித்த முகமாகப் பேசியாக வேண்டும்.

போன மாதம் ஒரு மழை நாள். எங்கள் புளோக்கில் லிஃப்ட் முன்னால் இந்தோனேசியா அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல மலாயில் "சுடா மாக்கான், காக்?" (சாப்பிட்டாச்சா, அக்கா?) என்று கேட்டேன். துடைத்த இடம் நனையக் கூடாதே என்று குடையை வெளியிலேயே சாய்த்து வைத்தேன். அவர் மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. வலிக்கிறதா என்று மலாயில் கேட்டேன்; சிரித்தபடி தலையை ஆட்டினார். லிஃப்டுக்குள் ஏறியதும் என் கணவர், "வீட்டுல வாயே திறக்க மாட்டே. வெளியாளுங்ககிட்ட மட்டும் நல்லா நடிக்கிறே" என்றார்.

அந்த வார்த்தை முள்ளாகத் தைத்துவிட்டது. அந்த அக்காவை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், பெயர்கூடத் தெரியாது. எல்ஆர்டி ரயிலில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அப்படியென்றால் நான் நடிக்கிறவள்தானே? இரண்டு வாரமாக அக்காவைப் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறேன்.

— ஒரு வாசகி, கோலாலம்பூர்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் அந்தக் குடையில்தான் என் கண் நின்றது. நல்லவள் என்று பெயர் வாங்க நினைக்கிறவர் வாயால் கேட்டுவிட்டுப் போயிருப்பார். நீங்கள் குடையை எங்கே வைப்பது என்று யோசித்திருக்கிறீர்கள், துணி சுற்றிய கையைப் பார்த்திருக்கிறீர்கள். எதிரில் இருப்பவர்மேல் மனம் இல்லாவிட்டால் இதெல்லாம் கண்ணில் படாது. என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான அன்பு. அந்த நேரத்தில் நெஞ்சு நெகிழ்ந்ததா இல்லையா என்று அளந்து பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் கவுண்டர் சிரிப்பு வேறு, அதையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களைக் கவனித்து, 1983இல் இதை ஓர் உழைப்பு என்றே எழுதினார். உள்ளே ஒன்று இருக்க, முகத்தில் வேறொன்றைக் காட்டுவதற்குச் சம்பளம். மூட்டை தூக்கினால் தோள் வலிப்பதுபோல இதிலும் மனம் அசந்துபோகும். எல்ஆர்டியில் வரும் எரிச்சல் அந்த அசதிதான், உங்கள் குணம் இல்லை. கேஎல் சென்ட்ரல் நிலையம் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள். யாருக்கும் நீங்கள் பேச்சுக் கடன்பட்டிருக்கவில்லை. பேச்சுக் கொடுக்கிற ஆளின் பார்வையே சரியில்லை என்றால், தயங்காமல் எழுந்து இடம் மாறிவிடுங்கள்.

ரயில் என்றதும் ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. நிக்கோலஸ் எப்ளியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் வெளியிட்டது. சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் ஒரு பகுதியினரிடம் பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவரோடு பேசச் சொன்னார்கள், இன்னொரு பகுதியினரிடம் தனியாக இருக்கச் சொன்னார்கள். பேசினால் பயணமே கெட்டுவிடும் என்றுதான் பலரும் எண்ணினார்கள். நடந்தது நேர்மாறு: பேசியவர்களுக்கே பயணம் இனிமையாக இருந்தது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் தானாகப் பேசவில்லை, சொன்னதால் பேசினார்கள். தொடக்கம் சொல்லிக் கொடுத்ததாக இருந்தும் கிடைத்த மகிழ்ச்சி பொய்யாகவில்லை.

நம் ஊர் "பசியாறியாச்சா?"வும் அப்படித்தானே. பழக்கத்தில் வாயில் வருகிற கேள்விதான். சில நாள் பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விடுவோம். ஆனால் அது இருந்ததால்தானே அன்றைக்கு நீங்கள் நின்றீர்கள், கையில் இருந்த துணியைப் பார்த்தீர்கள்?

உங்கள் கணவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் சொன்ன விதம் தப்பு. ஆனால் "நடிக்கிறே" என்பதற்கு முன்னால் வந்த வாக்கியத்தையும் கேளுங்கள்: வீட்டில் வாயே திறக்க மாட்டே. நல்ல வார்த்தையெல்லாம் கவுண்டரிலேயே தீர்ந்துபோய், தனக்கு மிச்சம் எதுவும் வருவதில்லை என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. "வேலை முடிந்து வந்ததும் எனக்கு அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும், அப்புறம் உங்களோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன்" என்று அவரிடமே சொல்லிப் பாருங்கள். அவர் சொன்னது எவ்வளவு வலித்தது என்பதையும் அப்போது சொல்லுங்கள். மனதில் வைத்துக்கொண்டு மௌனமானால் அவர் இன்னும் தள்ளித்தான் போவார்.

சரி, அந்த அக்கா. இரண்டு வாரமாக நீங்கள் ஏன் குனிந்துகொண்டு போகிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது. தான் ஏதாவது தப்பு செய்துவிட்டோமோ என்றுகூட நினைத்திருப்பார். நாளைக்குக் காலையில் ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். முதலில் பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள். அப்புறம் அந்தக் கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.